உமையாள் ஆச்சியின் இடது காது

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனிதருக்குப் பயந்து ஓடி ஒளிந்திருக்கிறேன். அவர் போலீஸ்காரர் இல்லை, ரவுடி இல்லை. காலில் புண்ணோடு நொண்டி நொண்டி நடந்த ஒரு தபால்காரர். அந்தப் புண்ணுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் நானேதான். நோயாளி டாக்டரைத் தேடி வருவதும் டாக்டர் சுவரேறிக் குதிப்பதுமாகக் காரைக்குடியில் நான்கு நாள் நடந்த கூத்தை என் பேரப்பிள்ளைகள்கூட அழகாகச் சொல்வார்கள். அவர்கள் சேர்க்கும் மசாலா அதிகம் என்பதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எல்.எம்.பி. படித்து முடித்துக் காரைக்குடியில் டிஸ்பென்சரி வைத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. நாட்டரசன்கோட்டைப் பக்கம் வயலை நம்பி வாழ்ந்த எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் டாக்டர். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. போர்டில் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லி, பட்டத்துக்கு இடமில்லாமல் போய், அதற்குத் தனியாக இன்னொரு பலகை அடித்தேன். (தச்சர் அப்போதே சிரித்தார். நான்தான் கவனிக்கவில்லை.)

என் மனைவி தெய்வானையின் அண்ணன் சுந்தரம் மதுரையில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் பையும் கையுமாக வந்து சேர்ந்தார். டாக்டர்களுக்கென்றே அவர் கம்பெனியில் ஒரு பாலிசி வந்திருக்கிறதாம்.

"வைத்தியம் பண்றப்ப கை தவறிப்போயி யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சுன்னு வைங்க, அவுக உங்க மேல கேசு போட்டா கம்பெனி முன்னாடி வந்து நிக்கும், மாப்பிள்ளை" என்றார்.

"என் கை தவறாது மச்சான்" என்றேன். புது மாப்பிள்ளை முறுக்கு.

ஆனாலும் கதவோரம் நின்ற தெய்வானையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த வகையில் சுந்தரம் மச்சான் பிடித்த முதல் பாலிசி அதுதான். காகிதத்தில் என் பெயரைத் தன் கையாலேயே முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்.

ஒரு வருஷம் ஓடியது. புதுப்பிக்க வந்தவரை உட்கார வைத்து இலை போட்டோம். சாப்பாட்டு நடுவில் பேச்சு வந்தது. "வருஷம் பூராவும் கட்டினேன், என்ன பிரயோசனம்? ஒரு கேசுகூட வரலையே!" என்றேன். (தன் மேல் வழக்கு வரவில்லை என்று குறைப்பட்ட டாக்டர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க காகிதம் மருந்து அலமாரியில விரிக்கத்தான் லாயக்கு, மச்சான்" என்று சொல்லி, அதை எடுத்துத் தரையில் போட்டேன்.

மச்சான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். தெய்வானை கீழே கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு பொங்கல் சீர் வேறு யார் கையிலாவது வரும், அவர் வரமாட்டார். அப்படியே மூன்று வருஷம் போயிற்று. தெய்வானைக்கு முதல் பிள்ளை உண்டாகி ஏழு மாதமானபோதும், "அண்ணன் வராம எனக்கு வளைகாப்பு வேணாம்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். நானாக ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இனி காதுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே காதை வடித்துத் தொங்க விட்டுவிடுவார்கள். பிறகு அந்த வழக்கம் பழசாகிப்போனது. வடித்த காதை அறுத்துத் தைத்துச் சின்னதாக்கிக்கொள்ள நிறையப் பேர் டாக்டர்களிடம் வந்தார்கள். அப்படி வந்தவர்தான் உமையாள் ஆச்சி. அவர் வீட்டுச் செட்டியார் அப்போதுதான் பர்மாவுக்குக் கப்பலேறியிருந்தார். போனால் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும்.

இரண்டு காதையும் ஒரே நாளில் தைத்தால் எந்தப் பக்கமும் படுக்க முடியாது என்று முதல் வாரம் வலது காதைத் தைத்தேன். நன்றாகவே தைத்தேன். அடுத்த வாரம் இடது காதும் அதே அளவில் இருக்க வேண்டுமே என்று, வலது காதை ஒரு நூலால் அளந்து, நூலைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தேன். அந்த நூலை எடுத்துக் கம்பவுண்டர் யாருக்கோ பேதி மருந்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். மறு வாரம் ஆச்சி வந்து உட்கார்ந்த பிறகுதான் நூலைத் தேடினேன். வலது காதில் இன்னும் வீக்கம் இருந்ததால் மறுபடி அளக்கவும் வழியில்லை. வீக்கம் வடியட்டும், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பட்டத்துக்குத் தனிப்பலகை அடித்த டாக்டர் அப்படிச் சொல்வானா? கண்ணளவிலேயே அறுத்துத் தைத்தேன். இடது காது அரை விரற்கடை நீளமாகிப்போனது.

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஒரு தூக்குச்சட்டி நிறைய வெள்ளைப் பணியாரம் கொடுத்தனுப்பினார். நானும் தின்றுவிட்டு, காது அமோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்துச் செட்டியார் பர்மாவிலிருந்து திரும்பினார். மனைவிக்கென்று ஒரு ஜோடிக் கெம்புத் தோடு வாங்கி வந்திருந்தார். போட்டுப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மறுநாள் காலையில் என் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார்.

"என்ன டாக்டரே, காது தச்சீகளா, சட்டைக்குக் கை தச்சீகளா? ஒரு தோடு என்னையப் பாக்குது, இன்னொன்னு தரையப் பாக்குது! வக்கீலைப் பாத்துட்டேன். நோட்டீசு வரும், வாங்கிக்கிருங்க. உங்க போர்டைக் கழட்ட வைக்கல, நான் கப்பலேறுனவன் இல்ல!"

காத்திருந்த ஆறு நோயாளிகளில் நான்கு பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவருக்குக் காது கேட்காது.

போர்டு போனால் எனக்கு வேறு போக்கில்லை. ஊருக்குத் திரும்பிப் போய், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வயலைக் காட்ட வேண்டியதுதான். பாலிசியை விட்டு மூன்று வருஷமாகிவிட்டது, இனி எந்தக் கம்பெனி என் முன்னால் வந்து நிற்கும்? அப்போதுதான் என் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. செட்டியார் நோட்டீசு அனுப்பத்தானே போகிறார், இன்னும் என் கைக்கு வரவில்லையே. அது வருவதற்குள் புதிதாக ஒரு பாலிசி எடுத்துவிட்டால்? தபால் கைக்கு வந்த நாள்தான் கணக்கு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

சுந்தரம் மச்சானுக்குத் தந்தி அடிக்கத் தபாலாபீசுக்குப் போனேன். தபால்காரர் சவரிமுத்து உள்ளே இருக்கிறாரா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, இல்லை என்றதும் நுழைந்தேன். தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. 'உடனே புறப்பட்டு வரவும்' என்று மட்டும் எழுதினேன். காரணம் எழுதக் காசு மட்டும் தடையில்லை, வெட்கமும்தான்.

மதுரையிலிருந்து மச்சான் வருகிற வரைக்கும் சவரிமுத்து கண்ணில் படக் கூடாது. ஆனால் சவரிமுத்துவுக்கு வலது காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றிக்கொள்ள அவரே டிஸ்பென்சரிக்கு வருவார். முதல் நாள் அவர் வாசலில் குரல் கொடுத்ததும் கொல்லைச் சுவரேறிக் குதித்தேன். இரண்டாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவிலூர் மடத்துக்குப் போய்ச் சாயங்காலம் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். (இந்த வயதில் எவ்வளவு பக்தி என்று ஒரு சாமியார் விபூதி கொடுத்தார்.) மூன்றாம் நாள் எனக்கு உடம்பு சரியில்லை என்று கம்பவுண்டரைச் சொல்லச் சொன்னேன். சவரிமுத்து எனக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு போனாராம்.

நான்காம் நாள் தெருவிலேயே எதிர்ப்பட்டுவிட்டார்.

"டாக்டரய்யா! ரிஜிஸ்தர் தபாலு!"

ஓடினேன். எங்கள் ஊர்ச் செட்டிமார் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முன்வாசல் இருந்தால் அடுத்த தெருவில்தான் பின்வாசல். நடுவில் முற்றமும் இரண்டாம் கட்டும் அடுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போகும். ஒரு வீட்டு முன்வாசலில் புகுந்து பின்வாசலில் வெளிவந்தால் ஆள் மாயமாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்றை மறந்துவிட்டேன். கதவெல்லாம் திறந்திருந்தால் முன்வாசலில் நிற்பவருக்குப் பின்வாசல் வரை பளிச்சென்று தெரியும். "டாக்டரய்யா, அங்குட்டுப் போகாதீக, அங்க நாயிருக்கு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாய் இருக்கத்தான் செய்தது.

நாயிடமிருந்து தப்பி அடுத்த தெருவில் பாய்ந்து, எதிரே திறந்திருந்த ஒரு வீட்டின் பின்வாசலில் புகுந்தேன். அடுக்களையைத் தாண்டி முற்றத்தில் இறங்கினேன். அங்கே வெள்ளைத் துணி விரித்து வடகம் காயப் போட்டிருந்தார்கள். பாதி வடகத்தை மிதித்துவிட்ட பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது இடது காது.

"அடடே, டாக்டருத் தம்பியா, வாங்க" என்றார் உமையாள் ஆச்சி. "என்ன இப்புடி மூச்சு வாங்குது? மோரு குடிக்கிறீகளா?"

பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாசலில் சவரிமுத்து வந்து சேர்ந்தார். நடந்து வரவில்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தார். நான் போட்ட கட்டு அவிழ்ந்து பின்னால் புழுதியில் இழுபட்டது. பளபளவென்றிருந்த அந்த வீட்டுத் தரையில் அவர் காலடி வைத்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

"அவசரக் கேசுன்னு ஓடுறீகன்னு நெனச்சேன்யா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "நாளைக்கி விட்டா இது திரும்பிப் போயிரும். முக்கியமான தபாலா இருந்து உங்களுக்கு நட்டம் வந்துரக் கூடாதேன்னுதான்..."

அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவரை முற்றத்துத் தூணோரம் உட்கார வைத்து, ஆச்சியிடம் வெந்நீரும் நல்ல வெள்ளைத் துணியும் கேட்டேன். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தபாலுக்குக் கையெழுத்துப் போட்டேன். போர்டு போனால் போகிறது, இந்தக் கால் போகக் கூடாது என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அந்த நான்கு நாளில் நான் டாக்டராக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

"என்ன தபாலு தம்பி?" என்றார் ஆச்சி.

அவருக்கு நோட்டீசு விஷயம் தெரியவே தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஆச்சி மிதிபட்ட வடகத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, "நாளைக்கிக் காலையில அவுக வீட்டுல இருப்பாக. வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாட்டு வண்டி நின்றது. உள்ளே என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சுந்தரம் மச்சான் கண்கள் சிவந்திருந்தன. நடுவில் முக்காலியில் உட்கார்ந்து, மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள் தெய்வானை. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டிலிருந்து காரணம் எழுதாத தந்தி போனால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உறைத்ததே அப்போதுதான். தந்தி கிடைத்தபோது மச்சான் வெளியூரில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்ததும் போட்டது போட்டபடி கிளம்பியிருக்கிறார்.

"எனக்கு ஒன்னும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் தெய்வானை பத்தாவது தடவையாக. பிறகு என்னைப் பார்த்தாள். "இவுகளுக்குத்தான் நாலு நாளா என்னமோ ஆயிருச்சு."

எல்லாவற்றையும் கொட்டினேன். காது, நூல், செட்டியார், சுவர், சாமியார், நாய், வடகம், ஒன்றையும் விடவில்லை. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "தச்ச நாள் எது?"

"மூணு வருஷமாச்சே மச்சான். பாலிசிதான் இல்லையே!"

"நோட்டீசு வந்த நாளை எவன் கேட்டான்? இன்னைக்குப் பாலிசி இருக்கா இல்லையாங்கிறதும் முக்கியமில்ல. காதுல கை வச்ச அன்னைக்கு இருந்துச்சா? அன்னைக்கு இருந்துச்சுன்னா அந்த வருசத்துப் பாலிசிதான் பொறுப்பு. அன்னைக்கு நடந்ததுக்குப் பத்து வருசம் கழிச்சுக் கேசு வந்தாலும் அதேதான்."

"அப்போ இப்ப புதுசா எடுத்தா?"

"அது இனிமே நடக்கப்போறதுக்கு! நடந்துபோனதுக்குப் புதுப் பாலிசி எப்புடி வரும், மாப்பிள்ளை? அத விடுங்க, விசயம் தெரிஞ்சதும் கம்பெனிக்கு உடனே சொல்லணும்னு ஒரு சரத்து இருக்கு. நீங்க நாலு நாள் ஓடி ஒளிஞ்சீகளே, அது ஒன்னுதான் ஆபத்து!"

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த ஒரே காரியம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறது. (இன்றைக்கும் நான் எந்தச் சங்கடம் வந்தாலும் முதலில் உட்கார்ந்துவிடுவேன்.)

"காகிதம் எங்க?" என்றார் மச்சான்.

நான் மருந்து அலமாரியைப் பார்த்தேன். தெய்வானை மாங்காயை வைத்துவிட்டு மெல்ல எழுந்து உள்ளே போனாள். கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். தாழம்பூ வாசனை வீசியது. ஒரு மூலைகூட மடங்கவில்லை.

"அண்ணன் கையெழுத்தாச்சே" என்றாள்.

சுந்தரம் மச்சான் காகிதத்தை வாங்கி, தான் எழுதிய என் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பாலிசி முடியும் நாள் கீழே இருந்தது. காதைத் தைத்தது அதற்கு முன்னா பின்னா என்பது எனக்குத் தெரியாது. அந்த நாளை நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அன்றே மச்சான் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். காரணத்தோடு.

மறுநாள் காலை இருவரும் செட்டியார் வீட்டுக்குப் போனோம், இந்தத் தடவை முன்வாசல் வழியாக. செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் பணிவாக, தைத்த தேதி தெரிந்தால் போதும், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்.

"மூணு வருசத்துக்கு முந்தின தேதி யாருக்கு நெனப்பிருக்கும்?" என்றார் செட்டியார்.

"எனக்கு இருக்கு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். ஆச்சி நிலைக்கதவோரம் வந்து நின்றார். "நீங்க கப்பலேறுன எட்டாம் நாளு வலது காது. பதினஞ்சாம் நாளு எடது காது."

செட்டியாருக்குக் கப்பலேறிய தேதி தெரியும். சொன்னார். மச்சான் விரல்விட்டு எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். இடது காதைத் தைத்த அன்று பாலிசி முடிய மூன்று நாள் பாக்கி இருந்திருக்கிறது.

செட்டியார் எண்ணவில்லை. ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளெல்லாமா எண்ணிக்கிட்டு இருந்த?" என்றார் தணிந்த குரலில்.

"போறதுக்கு முன்னாடி நீங்கதானே சொன்னீக, ரங்கூன்ல பொம்பளைகளுக்குக் காது சின்னதா லெச்சணமா இருக்கும்னு. வந்து பாத்தா சந்தோசப்படுவீகன்னு தச்சேன். கோணலா இருந்தது எனக்கு மறு மாசமே தெரியும். சின்ன வயசுத் தம்பி, பேரு கெட்டுப்போயிரும்னு நான் வாயத் தெறக்கல. நீங்க என்னடான்னா என்னைய ஒரு வார்த்தை கேக்காம நோட்டீசு விட்டிருக்கீக."

செட்டியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். எனக்கும் துண்டு தேவைப்பட்டது, நான் கொண்டு போகவில்லை.

"இப்ப என்ன செய்யணும்ங்கிற?" என்று கேட்டார் கடைசியில்.

"கேசும் வேணாம், ஒன்னும் வேணாம். தம்பியே எடது காதக் கொஞ்சம் ஏத்தித் தச்சு விட்டாப் போதும்."

"ஆச்சி!" என்று அலறிக்கொண்டு சுந்தரம் மச்சான் குறுக்கே பாய்ந்தார். "இன்னைக்கு வேணாம் ஆச்சி! மாப்பிள்ளைக்கு இந்த வருசம் பாலிசி இல்ல!"

முதலில் சிரித்தது செட்டியார்தான்.

நாலு நாள் தாமதத்தை மச்சான் கம்பெனியில் பேசிச் சரிக்கட்டினார். பிறகு கம்பெனி செலவில் மதுரைப் பெரிய டாக்டர் ஒருவர் ஆச்சியின் இடது காதைத் திருத்தினார். நானும் கூடப் போயிருந்தேன். அளவு நூல் என் ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்தது, வேலை முடிகிற வரைக்கும் யாரிடமும் கொடுக்கவில்லை. செட்டியார் நோட்டீசை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஒன்பதாம் மாதம் நடந்த வளைகாப்பில் முதல் வளையலைத் தெய்வானைக்குப் போட்டது உமையாள் ஆச்சி, கெம்புத் தோடு இரண்டும் நேராகப் பார்க்க. பந்தியில் சுந்தரம் மச்சானுக்கு நானே இலை போட்டேன். அவர் எழுந்திருக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றேன். இரண்டு தடவை பாயசம் கேட்டார். புதுப் பாலிசியில் அன்றே கையெழுத்துப் போட்டேன், பிறகு ஒரு வருஷமும் விட்டதில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் குற்றம் எப்போது வெளியே வந்தாலும் முதல் கேள்வி, "தச்ச நாள் எது?" ஊறுகாய் ஜாடி உடைந்தது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தாலும், உடைந்த அன்று வீட்டைப் பார்த்துக்கொண்டது யாரோ அவர்தான் பொறுப்பு. என் பிள்ளைகள் இந்தச் சட்டத்தை வைத்தே பாதி அடியிலிருந்து தப்பித்தார்கள். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி ஏதோ பழைய குறையைக் கிளப்பியபோது மச்சானும் நானும் ஒரே நேரத்தில் "தச்ச நாள் எது?" என்று கேட்டுவிட்டு, அவருக்கு விளக்கிச் சொல்ல முடியாமல் விழித்தோம்.

இப்போது மச்சான் இல்லை. போன வருஷம் அவருடைய திவசத்தன்று, தெய்வானை அடுக்களையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உன் அண்ணனைப் பாதிச் சாப்பாட்டுல எழுப்பிவிட்டேனே, மூணு வருஷம் அவரை வர விடாம பண்ணினேனே, அதுக்கு உன்கிட்ட நான் மன்னிப்பே கேட்டதில்லை" என்றேன்.

அவள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தச்ச நாள் எது?" என்றாள்.

"நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிஞ்சிருந்தது."

"அன்னைக்கு என் பாலிசி நடப்புலதான் இருந்துச்சு" என்றாள். "நான் ஒரு வருசமும் விட்டதில்ல. கையக் கழுவிட்டு வாங்க, அண்ணனுக்குப் பக்கத்துல உங்களுக்கும் இலை போடுறேன்."